ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு புவியியல் படிப்பது எப்படி?

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் "மழை மறைவுப் பகுதி என்றால் என்ன?" என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளைகளிடம், "சரி, ஜூலையில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது பாளையங்கோட்டையில் ஏன் வெறும் காற்று மட்டும் அடிக்கிறது?" என்று கேட்டால் முழிப்பார்கள். இரண்டும் ஒரே கேள்விதான். பல வருடமாகப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன், ஒவ்வொரு வருடமும் இதே முழிப்பைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

காரணம் எளிது. பாடத்தில் இயற்கைப் புவியியல் ஓர் அலகு, மானுடப் புவியியல் இன்னோர் அலகு. மலை, ஆறு, காற்று எல்லாம் முதல் பருவத்தில் முடிந்துவிடும். ஊர், பயிர், தொழில், மக்கள்தொகை எல்லாம் அப்புறம் வரும். நடுவில் ஒரு பரீட்சை வேறு வந்து முதலில் படித்ததைத் துடைத்துவிட்டுப் போய்விடும். ஆனால் நிலத்தில் அந்தக் கோடு கிடையாது. அதனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி ஒன்றே ஒன்று: ஓர் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள், மலையிலிருந்து கடல் வரை அதோடு போங்கள், போகிற வழியில் எந்தக் கருத்து எதிர்ப்படுகிறதோ அதை அங்கேயே படியுங்கள்.

நான் எடுத்துக்கொள்வது தாமிரபரணி. நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். பொதிகை மலையில் பிறந்து, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் வழியாக ஓடி, புன்னைக்காயல் பக்கம் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் சேரும் வற்றாத ஆறு. காவிரியைப் படிக்க நான்கு நாள் பயணம் போக வேண்டும், இதை ஒரே நாளில் பேருந்திலேயே முழுக்கப் பார்த்துவிடலாம்.

முதலில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

கைபேசியில் வரைபடத்தைத் திறந்து நீங்கள் நிற்கும் இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். திருநெல்வேலியில் நின்றால் ஏறத்தாழ 8.7, 77.7 என்று காட்டும். முதல் எண் அட்சம், இரண்டாவது எண் தீர்க்கம். இதை அப்படியே நோட்டில் எழுதி வைத்துவிடாமல் இரண்டையும் பயன்படுத்திப் பாருங்கள்.

ஓர் அட்சத்துக்கும் அடுத்த அட்சத்துக்கும் இடையே சுமார் 111 கிலோமீட்டர். 8.7-ஐ 111-ஆல் பெருக்கினால் 966 வருகிறது. ஆக, நெல்லை பூமத்திய ரேகையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில்தான் இருக்கிறது. அடுத்து தீர்க்கம். இந்திய நேரம் கணக்கிடப்படுவது 82.5 பாகை கிழக்கில். அதிலிருந்து நெல்லை 4.8 பாகை மேற்கே தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் சுமார் 19 நிமிடம். அதாவது கடிகாரம் 12 காட்டும்போது நெல்லையில் இன்னும் உச்சிவேளை ஆகவில்லை; சராசரியாக 12.19-க்குத்தான் ஆகும், வருடத்தில் மாதத்துக்கு மாதம் அது கால் மணி நேரம் வரை முன்பின்னாக நகரும்.

இதை நம்பவேண்டாம், சோதித்துப் பாருங்கள். மொட்டைமாடியில் ஒரு குச்சியை நேராக நட்டு 11.45-லிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். நிழல் குறுகிக்கொண்டே வந்து ஓரிடத்தில் மீண்டும் நீளத் தொடங்கும். அந்தக் குறுகிய நிழல்தான் உங்கள் ஊரின் உண்மையான உச்சிவேளை, அந்த நிழல் கிடக்கும் திசைதான் சுத்தமான வடக்கு தெற்கு. மே, ஜூன் மாதங்களில் செய்தால் இன்னொன்றையும் பார்ப்பீர்கள்: நண்பகல் நிழல் தெற்கே விழும். சூரியன் அப்போது நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. ஏப்ரல் 12-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 31-ஐ ஒட்டியும் நெல்லையில் குச்சிக்கு நிழலே இருக்காது. சாய்ந்த அச்சு, சூரியனின் வடநகர்வு தென்நகர்வு என்று படத்தில் அம்புக்குறி போட்டு மனப்பாடம் செய்ததெல்லாம் இந்த ஒரு குச்சியில் அடங்கிவிடும்.

வரைபடத்தை வாசிக்கப் பழகுங்கள்

அளவை என்றதும் பயப்பட வேண்டாம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர், அவ்வளவுதான். நீலம் நீர், பச்சை காடு, மஞ்சள் விளைநிலம், சிவப்பு குடியிருப்பும் சாலையும், பழுப்பு சமஉயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு. இந்தப் பழுப்புக் கோடுகளைத்தான் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமவெளி. பாபநாசத்துக்கு மேலே கோடுகள் தலைமுடி மாதிரி அடர்ந்து கிடக்கும். அம்பாசமுத்திரம் தாண்டினால் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு விரலை வெகுதூரம் நகர்த்த வேண்டியிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். அகத்தியமலை உச்சி 1,868 மீட்டர். திருநெல்வேலி கடல்மட்டத்திலிருந்து 45 மீட்டர் சொச்சம். நெல்லையிலிருந்து கடலுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அப்படியானால் கடைசி ஐம்பது கிலோமீட்டரில் ஆறு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்குவதில்லை. மேலே பாய்ந்து விழுகிற அதே ஆறு இங்கே ஊர்ந்து போகிறது. அரித்தல், கடத்தல், படியவைத்தல் மூன்றும் இந்தச் சரிவு மாறுவதால் வருகிறவைதான்.

இதற்கு நான் பிள்ளைகளைச் செய்யச் சொல்வது மூன்று பாட்டில் வேலை. பாபநாசத்தில் ஆற்றோரம் ஒரு கைப்பிடி மண், நெல்லை குறுக்குத்துறையில் ஒரு கைப்பிடி, புன்னைக்காயல் பக்கம் ஒரு கைப்பிடி. மூன்றையும் காயவைத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலாவதில் கூழாங்கல்லும் பருமணலும், ஓரம் மழுங்கிய கற்கள். இரண்டாவதில் விரலிடுக்கில் சரசரக்கும் மணல். மூன்றாவதைத் தொட்டால் மாவு மாதிரி விரலில் ஒட்டிக்கொள்ளும். ஆற்றுக்கு வேகம் குறையக் குறைய கனமானதை முதலில் போட்டுவிட்டு லேசானதை மட்டும் கடைசிவரை தூக்கிக்கொண்டு வருகிறது. ஒரு பிள்ளை அந்த மூன்றாவது பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிவிட்டு, "இது தெளியவே மாட்டேங்குதே சார்" என்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் படித்ததை எந்தப் புத்தகத்தாலும் கொடுக்க முடியாது.

அப்புறம் வடிநிலம். ஓரிடத்தில் விழும் மழை கடைசியில் எந்த ஆற்றுக்குப் போகிறதோ அந்த ஆற்றின் வடிநிலத்தில் அந்த இடம் இருக்கிறது. சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு எல்லாம் தாமிரபரணிக்கு வந்து சேர்பவை. குற்றாலத்து அருவித் தண்ணீர் சிற்றாற்றின் வழியாக இதே ஆற்றுக்குத்தான் வருகிறது. மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்த துளி கேரளத்துக்குப் போய்விடும். மாவட்ட எல்லையை மனிதர்கள் மாற்றலாம் (1986-இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-இல் தென்காசி பிரிந்தது), வடிநிலத்தின் எல்லையை மலைமுகடு தீர்மானிக்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை: 2011 மக்கள்தொகைக் கணக்கில் திருநெல்வேலி மாவட்டம் என்று வரும் எண்ணில் இன்றைய தென்காசியும் சேர்ந்திருக்கிறது. பழைய எண்ணை இன்றைய பரப்பால் வகுத்து மக்களடர்த்தி என்று எழுதிவிடாதீர்கள்.

மழை: இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிறது. முட்டினால் மேலே ஏற வேண்டும், மேலே ஏறினால் குளிர வேண்டும், குளிர்ந்த காற்றால் அத்தனை ஈரத்தைத் தாங்க முடியாது. மழை கொட்டுகிறது. கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு மலையைத் தாண்டி இறங்கும் காற்று சூடேறி உலர்ந்துபோகிறது. இப்படி மலைக்கு இந்தப் பக்கம் மழை கிடைக்காமல் போகும் நிலம்தான் மழை மறைவுப் பகுதி. அந்த உலர்ந்த காற்றுதான் நெல்லையில் ஆடி மாதம் புழுதியைக் கிளப்பும் காற்று. செங்கோட்டைக் கணவாய்ப் பக்கம் மலை தாழ்ந்திருப்பதால் ஈரம் கொஞ்சம் தப்பி இந்தப் பக்கம் வந்துவிடுகிறது, அதுதான் தென்காசி, குற்றாலத்துச் சாரல். அறுபது கிலோமீட்டர் கிழக்கே பாளையங்கோட்டைக்கு வருவதற்குள் அதுவும் தீர்ந்துபோகும்.

நெல்லைச் சமவெளிக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில். ஆனால் மலை உச்சியில், மாஞ்சோலைக்கு மேலே ஊத்து, நாலுமுக்கு பக்கமெல்லாம், இரண்டு பருவத்திலும் பெய்யும்.

இனிமேல்தான் மானுடப் புவியியல் உள்ளே வருகிறது. தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு நெல் பருவங்கள் உண்டு. ஜூனில் தொடங்குவது கார். ஐப்பசி வாக்கில் தொடங்கி மாசி, பங்குனி வரை போவது பிசானம். கார் நடும்போது சமவெளியில் சொட்டு மழை கிடையாது. சேரன்மகாதேவியில் நாற்று நடுகிற பெண்ணின் தலைக்கு மேலே வெயில் காய்கிறது, ஆனால் கால் சேற்றில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கண்ணுக்கெட்டாத மலையில் பெய்த தென்மேற்குப் பருவமழை பாபநாசம் அணையில் தேங்கி, ஆற்றில் இறங்கி, ஆற்றுநீரைக் கால்வாய்க்குத் திருப்பிவிடும் தாழ்வான தடுப்பான அணைக்கட்டில் திரும்பி, கன்னடியன் கால்வாய் வழியாக அந்த வயலுக்கு வந்திருக்கிறது. தன் ஊரில் பெய்யாத மழையை வைத்து ஓர் ஊர் ஒரு போகம் முழுக்க எடுக்கிறது. இயற்கைப் புவியியலையும் மானுடப் புவியியலையும் பிரித்துப் படிக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்த ஒரு வயல் போதும்.

இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கடைசியில் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் குளங்களை நிரப்பும், குளங்கள் வயல்களை நிரப்பும். இயற்கைதான் மனிதவாழ்வைத் தீர்மானிக்கிறது என்ற சிந்தனையோடு ஜெர்மனியின் ராட்செல் பெயரைச் சேர்த்துப் படித்திருப்பீர்கள். இயற்கை வாய்ப்புகளைத்தான் தருகிறது, தேர்ந்தெடுப்பது மனிதர்கள் என்ற சிந்தனை பிரான்ஸின் விடால் டி லா பிளாஷ் பெயரோடு வரும். இருவரையும் ஒப்பிடு என்று பத்து மதிப்பெண் கேள்வி வந்தால் இந்த எட்டு அணைக்கட்டை உதாரணமாக எழுதுங்கள். ஆறு எங்கே ஓட வேண்டும் என்பதை மலை முடிவு செய்தது, எந்த வயலுக்குப் பாய வேண்டும் என்பதை மனிதர்கள் முடிவு செய்தார்கள்.

ஓர் ஊர் ஏன் அங்கே இருக்கிறது?

மானுடப் புவியியலில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். இதற்கு இரண்டு பதில் தேட வேண்டும். ஒன்று, அந்த இடத்திலேயே என்ன இருக்கிறது: மேடா, பள்ளமா, தண்ணீர் உண்டா, என்ன மண். இன்னொன்று, மற்ற இடங்களோடு அது எப்படித் தொடர்பில் இருக்கிறது: எந்தச் சாலை, எந்தத் துறைமுகம், யார் பக்கத்தில்.

விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சாலை வைத்தார்கள். பருத்தி விளைவது அங்கே இல்லை, கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கரிசலில். ஆனால் பாபநாசத்தில் விழும் தண்ணீர் இயந்திரத்தை ஓட்டியது. விசை இருக்கும் இடத்துக்குப் பஞ்சைக் கொண்டுபோனார்கள். தொழிலின் அமைவிடக் காரணி என்று பட்டியலாகப் படிப்பது இதைத்தான்.

தூத்துக்குடியில் உப்பளம் ஏன்? மழை குறைவு, வெயிலும் காற்றும் அதிகம், தட்டையான கடற்கரை. நெல் விவசாயிக்குக் குறையாகத் தெரிவதே உப்பு எடுப்பவருக்கு முதலீடு. அங்கேயே கொஞ்சம் தெற்கே வந்தால் தேரிக்காடு, இரும்பு ஆக்சைடு பூசிய மணல் செக்கச்செவேல் என்று மேடு மேடாகக் கிடக்கும். நெல் வராது, பனை வரும். பனை வந்தால் பதநீர், பதநீர் வந்தால் உடன்குடிக் கருப்பட்டி.

குலசேகரன்பட்டினத்துக்கு ராக்கெட் ஏவுதளம் வருகிறது, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஏன் அங்கே? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு (துருவங்களுக்கு மேலாகப் பூமியைச் சுற்றும் பாதைக்கு) தெற்கே ஏவினால் வழியில் இலங்கை வருகிறது, அதைத் தவிர்த்து வளைந்து போக எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேர் தெற்கே பார்த்தால் வெறும் கடல். மணல்மேடும் பனையுமாகக் கிடந்த நிலத்துக்கு, உலக வரைபடத்தில் அது இருக்கும் இடம் காரணமாக மட்டுமே, திடீரென்று ஒரு மதிப்பு வந்துவிட்டது.

ஊர்ப் பெயர்களையும் ஒருமுறை வரைபடத்தில் வரிசையாக வாசியுங்கள். ஆற்றோரம் நல்லூரும் மங்கலமும், கொஞ்சம் விலகினால் குளம் என்று முடிபவை, தேரிப் பக்கம் விளை, கடலோரம் பட்டினமும் காயலும். பெயரே நிலத்தைச் சொல்லிவிடும். குறிஞ்சியிலிருந்து பாலை வரை தமிழ் வகுப்பில் படித்த திணையையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்: நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே வளரும் மரம், உண்ணும் உணவு, செய்யும் தொழில் எல்லாம் கருப்பொருள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழ்ப் புலவர்கள் நிலத்தையும் தொழிலையும் ஒரே மூச்சில்தான் சொன்னார்கள்.

கொற்கை: காலத்தையும் சேர்த்துப் பாருங்கள்

ஏரலுக்குப் பக்கத்தில் கொற்கை என்று ஒரு சிற்றூர். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். கிரேக்கர்கள் கொல்கோய் என்று எழுதியது இந்த ஊரைத்தான். இன்றைக்கு அங்கே போய் நின்றால் கடல் தெரியாது, அலைச் சத்தமும் கேட்காது. சுற்றிலும் வயலும் வாழையும்தான். மேலே சொன்ன மூன்றாவது பாட்டில் வண்டல் ஞாபகம் இருக்கிறதா? ஆறு அதை நூற்றாண்டுக் கணக்கில் முகத்துவாரத்தில் கொட்டிக்கொண்டே இருந்ததில் கரை கிழக்கே நகர்ந்துவிட்டது. துறைமுகமும் கூடவே நகர்ந்தது. கொற்கைக்கு அடுத்து காயல், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்தது அதை. இன்றைக்கு அதன் பெயரே பழையகாயல். அப்புறம் புன்னைக்காயல், போர்ச்சுகீசியர் காலத்தில். கடைசியில் ஆற்று முகத்துவாரத்தையே விட்டு விலகி வடக்கே தூத்துக்குடி. படியவைத்தல் என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போன சொல் நான்கு துறைமுகங்களை இடம் மாற்றியிருக்கிறது. ஒரு தாளில் இந்த நான்கு ஊரையும் புள்ளி வைத்து, காலவரிசையில் அம்பு போட்டு இணைத்துப் பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, கொஞ்சம் கனமானது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தமிழ்நாட்டின் ஒரு வருடச் சராசரியே ஏறத்தாழ 92 சென்டிமீட்டர்தான். மலையிலும் பெய்தது, சமவெளியிலும் பெய்தது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரியாத நிலத்தில் தண்ணீர் எங்கே ஓடும்? குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது, தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துக்கொண்டு போய்விட்டன. சுமார் 800 பயணிகள் சுற்றிலும் வெள்ளத்தோடு அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். பெருமழை என்பது இயற்கை இடர். அது பேரிடராக மாறுவது எங்கே, யார், எப்படிப்பட்ட வீட்டில், எந்தக் குளத்துக்குக் கீழே குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த வேறுபாட்டைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். அந்த வாரம் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்ற பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

உங்கள் ஊருக்கு இதைச் செய்வது எப்படி

ஒரு ஏ4 தாளைப் படுக்கவைத்து உங்கள் ஆற்றையோ, ஆறு இல்லையென்றால் ஏரியையோ ஒரு கோடாக வரையுங்கள். கோட்டுக்கு மேலே நிலம், மழை, மண். கோட்டுக்குக் கீழே ஊர், பயிர், தொழில். அப்புறம் மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் அம்பால் இணையுங்கள். ஒவ்வோர் அம்புக்கும் பக்கத்தில் "ஏனென்றால்" என்று தொடங்கும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். எழுத வரவில்லையென்றால் அந்தப் பாடத்தைத்தான் இன்னொருமுறை படிக்க வேண்டும் என்று அர்த்தம்.

சென்னைப் பிள்ளைகளுக்கு அடையாறு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சொல்லும்படியான ஆறு இல்லை, ஆனால் அங்கே சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் நன்னீர் இருக்கிறது, அதனால் கிணறு, அதனால் தோட்டம், அதனால் வெங்காயமும் புகையிலையும். அங்கே நடுக்கோடாக ஆற்றுக்குப் பதில் கிணற்றை வையுங்கள்.

முதல் வேலையாக இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வயதான ஒருவரிடம், "உங்க சின்ன வயசில இங்க என்ன பயிர் போட்டாங்க, தண்ணி எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டு, அவர் சொல்கிற சொல்லிலேயே அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள்.